ராமுத்தாய் இறந்த விவரம்

ஆடி மாதம் மழை பிடித்தால் மூணாறு மலையில் மண் சரிவது புதிதல்ல. 1977-ஆம் வருஷத்து ஆடியில், மாட்டுப்பட்டிக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில், மேல் டிவிஷன் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் கடைசி மூன்று வீடுகளின் பின்சுவரை மண் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பட்டப்பகல் பதினொரு மணி. எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்ததால் ஆள் சேதம் இல்லை. கோழிகள் போயின, பாத்திரங்கள் போயின, மூன்று வீட்டுத் தகரப்பெட்டிகளும் போயின.

பெட்டி போனால் ரேஷன் கார்டு போயிற்று என்று அர்த்தம். லயத்து வீட்டில் பூட்டுப் போட்டு வைக்கிற சாமான் அது ஒன்றுதான். மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கடைசி வீட்டு அழகுத்தாய் மட்டும், இடுப்பில் கட்டியிருந்த சாக்கைக்கூட அவிழ்க்காமல், சரிவின் ஓரத்தில் நின்று கீழே ஓடிய செந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் லயத்து மதலேனம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏட்டி ராமு, கார்டு போச்சுட்டி."

"போவட்டும் மதினி. அது என் கார்டா?"

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எஸ்டேட் முழுவதும் அழகுத்தாய் என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணின் பெயர் ராமுத்தாய். அழகுத்தாய் என்பது அவளுடைய அக்காவின் பெயர். அந்த அக்கா செத்து இருபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

அவர்களுடைய ஊர் சங்கரன்கோவிலுக்கு மேற்கே. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் அழகுத்தாயும் அவள் புருஷன் சங்கையாவும் ராக்கப்பன் கங்காணியோடு மலைக்கு வந்து சேர்ந்தார்கள். பிற்பாடு அக்கா உண்டானபோது, கூடமாட ஒத்தாசைக்கு என்று பதினாறு வயதுத் தங்கை ராமுத்தாயை வரவழைத்தார்கள். அவள் வந்த மூன்றாம் மாதம் அக்காவுக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது. பதினோரு நாள் காய்ச்சலில் அக்காவும் போனாள். 1948-ஆம் வருஷம்.

சாவுச் செய்தி கேட்டு வந்த ராக்கப்பன் கங்காணி பிணத்தைப் பார்க்குமுன் மூலையில் உட்கார்ந்திருந்த தங்கச்சியைப் பார்த்தார். அவர் செட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனைக்குத்தான் துரையிடம் அவருக்கு மதிப்பு. "இந்தப் பிள்ளைக்கு இங்க பேர் பதிஞ்சிருக்கா?" என்று சங்கையாவைக் கேட்டார். இல்லை என்றதும், "அப்ப நல்லதாப் போச்சு" என்றார்.

நல்லது என்று அவர் சொன்னது இதைத்தான். செத்த உடம்பை மறைக்க முடியாது, எஸ்டேட் கம்பவுண்டர் வந்து ஒரு சாவு எழுதியாக வேண்டும். அழகுத்தாய் செத்தாள் என்று எழுதினால் செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் அவள் பெயரை அடித்துவிடுவார்கள். கங்காணிக்கு ஒரு ஆள் குறையும், சங்கையாவுக்கு வீடு போகும், ஒண்டி ஆம்பளைக்குத் தனி வீடு கிடையாது. பெயரே பதியாத ராமுத்தாய் செத்தாள் என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் குறையாது. கம்பவுண்டர் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் ரைட்டர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அழகுத்தாய் என்றபோது ராமுத்தாய் கையைத் தூக்கினாள். துரைக்குத் தொப்பி போட்ட முகங்களைத் தவிர மற்ற எல்லா முகமும் ஒன்றுதான். அவர் கூடையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

இது இவள் ஒருத்திக்கு நடந்த அதிசயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மலையில் மாமியார் பெயரில் மருமகள் பறித்தாள், சித்தி பெயரில் மகள் பறித்தாள். சில பெயர்கள் இரண்டு மூன்று ஆட்களை அனுப்பிவைத்துவிட்டு இன்னும் செக்ரோலில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. பெயர் எஸ்டேட்டுக்குச் சொந்தம், ஆள்தான் மாறிக்கொள்ளும். யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. வீட்டைக் காப்பாற்றும் வழி என்றுதான் நினைத்தார்கள்.

பெயரோடு அக்காவின் புருஷனும் வந்தான். அதுபற்றி யாரும் ராமுத்தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கையா நல்ல மனிதர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. கை நீட்டியதில்லை, கள்ளுக்கடைப் பக்கம் போனதில்லை. அவர்களுக்கு சாந்தம்மாள் என்று ஒரு மகள் பிறந்தாள். வீட்டுக்குள்ளே சங்கையா ராமுத்தாயைப் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை, "இந்தா" என்பார். வெளியே எல்லோருக்கும் அவள் அழகுத்தாய். உண்மை தெரிந்த கிழடுகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, ராமு என்று கூப்பிட மதலேனம்மாள் ஒருத்திதான் பாக்கி.

ரேஷன் கார்டு கொடுக்க ஆரம்பித்த வருஷம், கார்டு எழுத வந்தவன் பொண்டாட்டி வயதைக் கேட்டான். சங்கையாவுக்குப் பொய் சொல்ல வராது. அழகுத்தாய்க்கு அப்போது என்ன வயது ஆகியிருக்குமோ அதைக் கணக்குப் பார்த்து, நாற்பத்து மூன்று என்றார். பக்கத்தில் நின்ற ராமுத்தாய்க்கு முப்பத்து மூன்று. அவள் அன்றைக்குச் சிரித்துக்கொண்டாள். வயது என்ன, சோறா போடப்போகிறது என்று நினைத்தாள்.

அது சோறு போடுகிற விஷயம்தான் என்று 1977 சித்திரையில் தெரிந்தது. அதுவரை எஸ்டேட்டில் யாருக்கும் வயது என்று ஒன்று கிடையாது, கை ஓடுகிறவரை வேலை. இப்போது ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லாத் தொழிலாளியின் வயதும் புதுப் புத்தகத்தில் ஏறும், ரேஷன் கார்டில் உள்ள வயதே கணக்கு, ஐம்பத்தெட்டு முடிந்தால் வேலை முடிந்தது, அடுத்த ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வருஷக் கடைசிக்குள் எல்லோரும் கார்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

சங்கையா செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த வீடு இவள் வேலையில்தான் நின்றது. கார்டுப்படி இவளுக்கு ஐம்பத்தைந்து. மூன்று வருஷத்தில் வெளியே போ என்பார்கள். நிஜத்தில் நாற்பத்தைந்து, இன்னும் பதின்மூன்று வருஷம் இருக்கலாம். வெளியே போனால் போக்கிடம் இல்லை. மகள் சாந்தம்மாள் குமுளிக்குக் கீழே கம்பத்தில் மாமியார், நாலு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இருந்தாள். அங்கே இன்னொரு பாய் விரிக்க இடமில்லை, அது மகளின் குற்றமும் இல்லை.

நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து ராமுத்தாய்க்குத் தூக்கம் சரியில்லை. அந்தக் கார்டை அடுப்பில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள், அரிசி வாங்குகிற கார்டை எரிக்கக் கை வரவில்லை. அவளால் செய்ய முடியாததை மண் செய்துவிட்டது. சரிவின் ஓரத்தில் அவள் பேசாமல் நின்றதற்குக் காரணம் அதுதான். சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு நின்றாள்.

மூன்று குடும்பத்தையும் எதிர் லயத்துக் காலி வீடுகளுக்கு மாற்றினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராமுத்தாய் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, மதலேனம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மூணாறு பஜாரில் இருந்த யூனியன் ஆபீசுக்குப் போனாள். அங்கே மனு எழுதுகிறவன் வீரபாண்டி. முப்பத்தைந்து வயது, தமிழும் மலையாளமும் ஒரே வேகத்தில் எழுதுவான், ஆபீசருக்கு எந்த வார்த்தை பிடிக்கும் என்பது தெரிந்தவன்.

"தம்பி, எனக்குப் புதுக் கார்டு எடுக்கணும். எழுதிக்கிடுங்க. பேரு ராமுத்தாய். வயசு நாப்பத்தஞ்சு."

வீரபாண்டி எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினான். "யாருக்கா ராமுத்தாய்?"

"நாந்தான்."

"நீங்க மேல் டிவிஷன் அழகுத்தாயக்கால்லா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வீரபாண்டிக்கு ஆச்சரியமே வரவில்லை. அவனுடைய அம்மா அவன் பெரியம்மா பெயரில் பறித்தவள். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னான்.

"இது எல்லாரும் செய்ததுதாங்க்கா. ஆனா சொந்தப் பேருக்குத் திரும்பி வாரேன்னு இதுவரைக்கும் யாரும் வந்து நின்னதில்ல."

"நான் வந்து நிக்கேம்லா."

"சரி. நீங்கதான் ராமுத்தாய்ங்கதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கிய?"

"நான் இருக்கேனே தம்பி."

"அது பத்தாதுக்கா."

அவன் விரல் விட்டு எண்ணினான். அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. பிறந்தது ஊரில், மருத்துவச்சி கையில். ஓட்டு லிஸ்டில் அழகுத்தாய். எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சீட்டில் அழகுத்தாய். மகள் பிறந்ததைப் பதிந்தபோது தாய் பெயர் அழகுத்தாய். ஊரில் வீடும் விழுந்துவிட்டது, ஆளும் இல்லை. ஒரு ஆளுக்குத் தாள் கேட்டால் இன்னொரு தாளைக் காட்டச் சொல்வதுதான் சர்க்கார் முறை, முதல் தாள் எங்கிருந்து வரும் என்பது சர்க்காரின் கவலை இல்லை.

"ஏதாவது ஒரு புஸ்தகத்துல உங்க பேரு இருந்தாப் போதும். ஒரு வரி போதும். அத வச்சு நான் எழுதிருவேன். வில்லேஜ் ஆபீஸ்ல பழைய பதிவெல்லாம் கெடக்கு. போய்க் கேட்டுப் பாருங்க."

ஒரு வரி போதும் என்றதைப் பிடித்துக்கொண்டு ராமுத்தாய் மறுவாரமே ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போனாள். மதலேனம்மாளும் போனாள். அங்கிருந்த கிளார்க் சின்ன வயதுக்காரன், இரக்க குணம் உள்ளவன். இன்ன ஆண்டுவாக்கில் ராமுத்தாய் என்று ஒரு பெயர் இருக்கிறதா பார்க்க வேண்டும் என்றதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் வில்லேஜ் ஆபீசரைப் பார்வத்தியார் என்ற காலத்துப் பழைய புத்தகங்களை இறக்கி, தூசி தட்டி, காலையிலிருந்து சாப்பாட்டு நேரம்வரை புரட்டினான். கடைசியில் அவன் முகம் மலர்ந்தது.

"கிட்டி. ராமுத்தாய். இதோ இருக்கு."

ராமுத்தாய் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனாள். மலையாள எழுத்து அவளுக்குத் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. ஆனாலும் அந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கிளார்க் விரலை வைத்து வாசித்தான். கொல்லம் 1123, மிதுனம் ஒன்பது; இங்கிலீஷ் கணக்கில் 1948. பெண். வயது பதினாறு. காய்ச்சல். இன்ன எஸ்டேட், மேல் டிவிஷன். வாசித்துக்கொண்டே வந்தவன் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இது மரணப் புஸ்தகமாணு அம்மே. ஈ ஆளு மரிச்சு போச்சு. நிங்களுக்கு யாரு?"

கம்பவுண்டர் எழுதிய நோட்டை எப்போதோ கரையான் தின்றிருக்கும் என்றுதான் ராமுத்தாய் நினைத்திருந்தாள். அவர் மாதாமாதம் அதைப் பார்வத்தியாருக்கு அனுப்பிவைத்தது அவளுக்கு எப்படித் தெரியும்? மதலேனம்மாள் முந்திக்கொண்டாள்.

"தங்கச்சி சார். இவளோட தங்கச்சி. இவ பேரு அழகுத்தாய்."

திரும்பி வரும் பஸ்ஸில் ராமுத்தாய்க்குக் கோபம் வந்தது, யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. கங்காணி செத்தாயிற்று, கம்பவுண்டர் செத்தாயிற்று, துரை சீமைக்குப் போயாயிற்று. அந்த ஒரே ஒரு வரியில் கங்காணி வயதைக்கூட மாற்றாமல் சொல்லியிருந்தார். பொய்யிலும் அவ்வளவு ஒழுங்கு.

வீரபாண்டி கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அந்தப் பதிவு தப்புன்னு மனு கொடுக்கலாம்க்கா. கொடுத்தா என்ன ஆவும்னு கேளுங்க. செத்தது அழகுத்தாய்னு ஆவும். அப்ப செத்தவ பேருல இருபத்தொம்பது வருசம் வேலை பாத்தது யாருன்னு கேப்பாவ. ராமுத்தாய்ம்பிய. ராமுத்தாய்னு எங்க செக்ரோல்ல ஆளே இல்லம்பாவ எஸ்டேட்ல. ரெண்டு பேரும் இல்லன்னு ஆயிரும். மூணு வருசம் கழிச்சுப் போவவேண்டிய வீடு மூணு நாள்ல போயிரும்."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"பேர விட்ருங்க. வயசப் பிடிச்சுக்கிடுங்க." அவன் குரலில் கண்டிப்பு இருந்தது. "தாலுகா சப்ளை ஆபீஸ் புஸ்தகத்துல பேரும் எத்தன ஆளுங்கதும் மட்டுந்தான் இருக்கு. வயசு கார்டுல மட்டுந்தான் எழுதுவாவ, கார்டு மண்ணோட போயிட்டு. அழகுத்தாய் பேருலயே டூப்ளிகேட் கேப்போம். வயசுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி வைப்போம். வில்லேஜ் ஆபீசர் சரின்னு எழுதிட்டா நீங்க நாப்பத்தஞ்சு வயசு அழகுத்தாய். ஒருத்தனும் அசைக்க முடியாது."

ராமுத்தாய்க்கு அது பிடிக்கவில்லை. பத்து நாள் முரண்டு பிடித்தாள். ஆனால் கார்டு இல்லாமல் ரேஷன் கடைக்காரன் சாக்கைத் தொடவிடவில்லை. மதலேனம்மாள் தன் வீட்டு அரிசியில் தினமும் உழக்கு அளந்து கொண்டுவந்து வைப்பதும், வைத்துவிட்டு அவள் மகன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போவதும் ராமுத்தாய்க்குத் தெரிந்தது. அடுத்தவர் சோற்றில் எத்தனை நாள் ரோஷமாக இருக்க முடியும்? அடிமாலிக்குப் பஸ் ஏறினாள்.

அடிமாலி சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு லேடி டாக்டர். பல்லைப் பார்த்தாள், மயிரை விலக்கிப் பார்த்தாள், கண்ணை இழுத்துப் பார்த்தாள். பறித்துப் பறித்து வெடித்துப் போயிருந்த விரல்களைத் திருப்பிப் பார்த்து, இதை வைத்துச் சொன்னால் எழுபது என்பேன் என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தூரம் நின்றுவிட்டதா என்று கேட்டாள். இல்லை, மாதாமாதம் ஒழுங்காக வருகிறது என்றாள் ராமுத்தாய். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினாள். வயது நாற்பத்தைந்து. உயரம் நாலடி பத்தங்குலம். இடது முழங்கையில் மச்சம், வலது கணுக்காலில் வெட்டுக்காயத் தழும்பு. அவளைப் பார்த்து அவளைப் பற்றி எழுதிய முதல் தாள் அது. மேலே பெயர் மட்டும் அக்காவுடையது.

மனு, கார்டு இருந்தது என்று ரேஷன் கடைக்காரர் கொடுத்த எழுத்து, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் வீரபாண்டி ஒன்றாகக் கட்டிக் கொடுத்தான். இனி வில்லேஜ் ஆபீசர் சாட்சியோடு ஒரு வாக்குமூலம் வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை ராமுத்தாயும் மதலேனம்மாளும் அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

ஆபீசர் தொடுபுழைக்காரர், ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. நிதானமான ஆள். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சின்னக் கிளார்க், உதவி செய்கிறோம் என்ற நல்ல எண்ணத்தில், இந்த அம்மாவின் அனியத்தி, அதாவது தங்கச்சி, விவரம் நம் புத்தகத்திலேயே இருக்கிறது சார் என்று சொல்லி, பழைய புத்தகத்தையும் எடுத்து விரித்து வைத்துவிட்டான். அவனை ஒன்றும் சொல்ல முடியாது. நல்லெண்ணத்தால் வருகிற தொந்தரவுக்கு யாரிடம் போய் முறையிடுவது?

ஆபீசர் புத்தகத்தைப் பார்த்தார். டாக்டர் சீட்டைப் பார்த்தார். பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கூட்டல் போட்டார். பிறகு கண்ணாடிக்கு மேலாக ராமுத்தாயைப் பார்த்தார்.

"அனியத்தி மரிச்சது நாற்பத்தெட்டில். அப்போ பதினாறு வயசு. இப்போ இருந்தால் அவளுக்கு நாற்பத்தஞ்சு. நிங்கள் சேச்சி. நிங்களுக்கும் நாற்பத்தஞ்சு. அது எங்ஙனெ?"

மதலேனம்மாளின் கை முந்தானைக்குள் ஜெபமாலையைத் தேடியது. டாக்டர் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அக்காவாயிற்றே, ஐம்பத்தைந்து என்று போடு என இந்த மனிதர் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. வீடும் போயிற்று, பத்து வருஷமும் போயிற்று. ராமுத்தாயின் வாய் தானாகச் சொல்லிற்று.

"நாங்க ரெட்டைப் பிள்ளைக சார்."

ஆபீசர் மதலேனம்மாளைப் பார்த்தார். "சரியா? நிங்களுக்கு அறியாமோ?"

"தெரியும் சார். ரெட்டைதான்," என்றாள் மதலேனம்மாள். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

"யாரு மூத்தது?"

"நான் சார். கொஞ்ச நேரந்தான்."

ஆபீசருக்கு எவ்வளவு புரிந்தது என்று சொல்ல முடியாது. முப்பது வருஷம் மலைப்பக்கம் வேலை பார்த்த மனிதருக்குப் புரியாமலும் இருந்திருக்காது. பேனாவைத் திறந்தார்.

"சரி. அனியத்தி பேரும் காரியமும் இதில் எழுதணும். பின்னே யாரும் கேட்கக் கூடாது, கேட்டோ? நான் கேட்கிறதுக்கு ஒவ்வொண்ணா சொல்லுங்க. ராமுத்தாய் எப்படி மரிச்சது?"

"காய்ச்சல் சார். பதினோரு நாள்."

"நிங்கள் கூட இருந்தோ?"

"இருந்தேன் சார். நாந்தான் பக்கத்துல இருந்தேன். நல்ல மழை. நெருப்பே பத்தல. வெந்நி வச்சுக் கொடுக்கக்கூட முடியல."

சொல்லச் சொல்ல அவளுக்கு அந்த வீடு கண்ணில் வந்தது. கம்பவுண்டர் வருமுன்னே கங்காணி அவசரப்படுத்தினார். அக்காவின் கழுத்தில் கிடந்த தாலியைச் சங்கையா கழற்றினார். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தார். அதே ஈரத்தோடு அதை ராமுத்தாயின் கழுத்தில் கட்டினார்கள். மஞ்சளும் குங்குமமுமாகப் போக வேண்டிய அக்காவை, வெறும் நெற்றியோடு, வெறும் கழுத்தோடு, கன்னிப்பெண் என்று சொல்லிப் புதைத்தார்கள். கம்பவுண்டர் வாசலில் நின்றபோது, ஏ தங்கச்சி, எங்களை விட்டுப் போயிட்டியே என்று அழச் சொன்னார்கள். ராமுத்தாய் அக்காவைப் பார்த்துத் தங்கச்சி என்றுதான் அழுதாள்.

"வயசு பதினாறு," என்று ஆபீசர் தானே எழுதிக்கொண்டார். "கல்யாணம் கழிஞ்சதோ?"

ராமுத்தாயின் கை வெறும் கழுத்துக்குப் போயிற்று.

"அனியத்திக்குக் கல்யாணம் ஆயிருந்ததா?"

"இல்ல சார்," என்றாள். "அவளுக்கு ஒண்ணுமே ஆகல."

ஆபீசர் எழுதி முடித்து முழுவதையும் வாசித்துக் காட்டினார். அழகுத்தாய் ஆகிய நானும் ராமுத்தாய் என்பவளும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள், ராமுத்தாய் கல்யாணமாகாமல் பதினாறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள், இது சத்தியம். மதலேனம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். கிளார்க் மைப்பெட்டியை நகர்த்தி வைத்தான். ராமுத்தாய் கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினாள். அழுத்திய கையை எடுக்க முடியாமல் மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்தாள். அக்காவை நினைத்து வந்த அழுகை இல்லை அது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, மாற்றுத் துணி ஒரு மூட்டையோடு, மூன்று மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று மலையேறி வந்த அந்தப் பதினாறு வயதுப் பிள்ளைக்காக அழுதாள். அவளுக்காக இதுவரை ஒருத்தரும் அழுததில்லை.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு மூத்த மகள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. "கூடப் பிறந்தவளல்லோ, துக்கம் இருக்கும்," என்று மதலேனம்மாளிடம் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கார்டு வரப் பதினைந்து நாள் ஆகும் என்று சொல்லித் தாளைக் கிளார்க்கிடம் கொடுத்தார்.